ஸ்பிரிங் ஏர் ரைபிளில் முயல் வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் பண்ணைகளில் பயிரை மேயும் முயல்களைக் குறைக்க ஸ்பிரிங் ஏர் ரைபிள் இன்றும் புழங்குகிறது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்றால் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்க, குண்டின் ஆற்றலுக்கு உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து இதற்கும் உரிமம் வேண்டும். நிலத்துக்காரர் அனுமதி எங்கும் கட்டாயம். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைச் சுடுவது குற்றம்; இங்கே இந்தத் துப்பாக்கி அட்டைப் பயிற்சிக்கு மட்டும்தான்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, இறுக்கிப் பிடிப்பது. விசையை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னே பாய, துப்பாக்கி பின்னே உதைக்கிறது. முன்னால் அடைபட்ட காற்றில் பிஸ்டன் மோதும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. இந்த ஆட்டம் தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளேதான் இருக்கிறது. ஒரு முறை இறுக்கி, மறுமுறை தளர்த்திப் பிடித்தால் குண்டு வேறு வேறு இடத்தில் விழும். முன்னால் தாங்கும் கையின் உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா படுத்திருக்கட்டும். தோளில் லேசாகத் தொட்டால் போதும். வேலிக் கம்பத்திலோ கல்லிலோ நேரடியாகச் சாய்க்காதீர்கள், துள்ளும். நடுவில் கையை வையுங்கள்.

குறி திடீரென்று தவறினால் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் திருகும் முன் துப்பாக்கிக் கட்டையின் திருகாணிகளைப் பாருங்கள். அதிர்வில் அவைதான் முதலில் தளரும். ஸ்கோப்பும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பின் உதையை மட்டும் தாங்கும் ஸ்கோப் இந்த முன் இழுப்பில் உடைந்துவிடும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் நழுவாமல் தடுப்பு ஆணியும் வேண்டும்.

குண்டு இல்லாமல் சுடக் கூடாது: காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் உலோகத்தில் மோதி, காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் கெடும். குழலுக்குக் காற்று போகும் துளையில் எண்ணெய் விடுவதும் அப்படித்தான். அழுத்தத்தின் சூட்டில் எண்ணெய் பற்றி வெடிச் சத்தமும் புகையும் வரும். வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். குழலை மடக்கிக் குண்டு போடும்போது ஒரு கை குழலை விடவே கூடாது. விசை நழுவினால் குழல் மேலே சீறி விரலை நசுக்கும், கட்டையையும் பிளக்கும்.

தூரத்தில்தான் மனசாட்சி வேண்டும். முயலின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள மூளைப் பகுதி சுமார் 2.5 செ.மீ. அகலமே. அதே அளவு வட்டத்தில், களத்தில் உட்காரும் அதே நிலையில், ஐந்து குண்டும் விழும் தூரமே உங்கள் எல்லை. பலருக்கு அது 25 மீட்டர். 0.22 அங்குலக் குண்டு மெதுவாகப் போவதால் வேகமாகத் தாழும். தூரத்தை ஐந்து மீட்டர் தப்பாகக் கணித்தாலே குறி தவறும். 0.177 அங்குலக் குண்டு அந்த அளவு தாழாமல் போகும். பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாதீர்கள்.

வளை வாயில் இருக்கும் முயலையும் விட்டுவிடுங்கள். அடிபட்டால் உள்ளே போய்ச் சாகும், இரண்டாவது குண்டு போட நேரம் கிடைக்காது. விழுந்ததும் அடுத்த குண்டைப் போட்டுக்கொண்டே அருகில் போய், குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசைந்தால் உடனே மறுபடி சுட வேண்டும்.