தூக்கத்துக்கு மாத்திரை இல்லாத வைத்தியம் வேணும்னா டாக்டர்கிட்ட எப்படி கேக்குறது

தூக்கம் வரலைன்னு போனா ரெண்டே நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்பிருறாங்கன்னு மதுரைல நிறைய பேரு புலம்புறாங்க. டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாதுங்க, வெளிய டோக்கனோட அத்தனை பேரு உக்காந்திருக்காங்க, உள்ள போறவங்களும் "ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்"னுதான் ஆரம்பிக்கிறாங்க, வெறுங்கையோட அனுப்புனா ஆளு அடுத்த கிளினிக்குக்கு போயிருவாருன்னு அவருக்கும் தெரியும். ஆனா அமெரிக்காவுல 2016லயும் ஐரோப்பாவுல 2017லயும் வந்த வழிகாட்டுதல் ரெண்டுமே நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் வைத்தியம் சிபிடி-ஐ (CBT-I, தூங்குற பழக்கத்தையும் தூக்கத்தை பத்தின நெனப்பையும் மாத்துற, மாத்திரை இல்லாத வைத்தியம்)ன்னுதான் சொல்லுது, மாத்திரை அதுக்கப்புறம்தான்.

போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எழுதி வைங்க, காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கமே போதும். எப்ப படுத்தீங்க, உத்தேசமா எப்ப தூங்குனீங்க, எத்தனை தடவை முழிச்சீங்க, எப்ப எந்திரிச்சீங்க, பகல்ல கண்ணசந்தீங்களா, கடைசி காபி எப்ப. காலைல எழுதுங்க, ராத்திரி மணி பாத்து எழுதுனா இருக்குற தூக்கமும் போயிரும்.

உள்ள போனதும் அந்த தாளை குடுத்துட்டு, "வாரத்துல மூணு நாளாவது இப்படி ஆகுது, மூணு மாசம் தாண்டிருச்சு, சிபிடி-ஐ பாக்கலாமா, யாருகிட்ட போகணும்?"னு நேராவே கேளுங்க. பொத்தாம்பொதுவா "மாத்திரை வேணாம்"னா, காபியை குறைங்க, வாக்கிங் போங்கன்னு முடிச்சிருவாங்க, நாள்பட்ட பிரச்சனைக்கு அது மட்டும் பத்தாதுங்க. சிபிடி-ஐல என்ன செய்வாங்கன்னா, உதாரணத்துக்கு ஒருத்தர் ராத்திரி 9 மணிக்கு படுத்து 5 மணிக்கு எந்திரிக்கிறாரு, ஆனா தூங்குறது அஞ்சரை மணி நேரம்தான்னா, அவரை 11:30க்கு மேலதான் படுக்க சொல்லுவாங்க, தூக்கம் சேர சேர நேரத்தை கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவாங்க, தூக்கம் வராம புரண்டுக்கிட்டே இருந்தா கட்டிலை விட்டு எந்திரிச்சிரணும். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் பகல்ல அசத்தும், அதனால வண்டி ஓட்டுறவங்க, வலிப்பு, பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்) உள்ளவங்க இதை தானா செய்யவே கூடாது.

சத்தமா குறட்டை விடுவீங்கன்னா அதையும் மறக்காம சொல்லுங்க, மூச்சு அடைச்சு தூக்கம் கெடுதான்னு பாக்கணும். ஏற்கனவே தூக்கத்துக்குன்னு அல்பிரசோலாம் மாதிரி மாத்திரை தினமும் போடுறீங்கன்னா திடீர்னு நிறுத்திராதீங்க, வலிப்பு வரைக்கும் போகும், டாக்டர் சொல்ற கணக்குல படிப்படியாதான் குறைக்கணும்.

"அதுக்கெல்லாம் இங்க ஆள் இல்லை"ன்னு சொன்னா விட்டுறாதீங்க, பெரியாஸ்பத்திரி மனநல ஓபில விசாரிங்க, அரசோட மனநல உதவி எண் 14416 டெலி மானஸ்லயும் ஃப்ரீயா தமிழ்லயே பேசலாம். கொஞ்ச நாளைக்கு மாத்திரை தேவைன்னு டாக்டர் சொன்னா மல்லுக்கு நிக்காதீங்க, எத்தனை நாளைக்கு, எப்ப நிறுத்துறதுன்னு கேட்டு அந்த சீட்டுலயே எழுதி வாங்கிட்டு வாங்க.