மரபுப் பாதுகாப்புக்கு நிதியும் பயிற்சியும் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

செட்டிநாட்டின் காரைக்குடிப் பக்கத்திலிருந்து, பழைய வீடுகளையும் கட்டடங்களையும் காக்கும் மரபுப் பாதுகாப்புக்கு நிதி கேட்டு எழுதப்பட்டவற்றுள் நான் படிக்க நேர்ந்த விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள், முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் என வீட்டின் பெருமை இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது. எந்த உத்தரத்தில் கறையான் ஏறியிருக்கிறது, எங்கே நீர் இறங்குகிறது என்பது கடைசியில் ஒரு வரியாக வந்து முடிந்துவிடுகிறது. நிதி தருபவர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். “ஓடு பழுதடைந்துள்ளது” என்று எழுதுவதால் அவருக்கு எதுவும் விளங்காது. “இரண்டாங்கட்டின் வடகிழக்கு மூலையில், இரு கூரைச் சரிவுகள் சேரும் இடத்தில் உள்ள கூடுவாய்த் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், ஐப்பசி மழையில் கீழே உள்ள உத்தரம் ஐந்தடி நீளத்துக்கு நனைகிறது” என்று எழுதி, அளவுகோலை அருகில் வைத்து எடுத்த படத்தையும் இணைத்தால், செய்ய வேண்டிய வேலை என்ன, அதற்கு என்ன செலவாகும் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்வார்.

இதைவிடப் பெரிய தடை உரிமைப் பத்திரத்தில் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு வீட்டுக்கு, முகப்பையும், உள்முற்றத்தைச் சூழ்ந்த வளவையும் அளந்து வரைபடம் போடுவதற்கான சிறு தொகை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. பங்காளிகள் அனைவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும் என்று கேட்டார்கள். பட்டா இன்னும் பாட்டையா பெயரிலேயே இருந்தது. பினாங்கில் காலமான ஒருவரின் வாரிசுகள் யார் யார் என்பதற்குச் சான்று எதுவும் வாங்கி வைக்கப்படவில்லை. பெங்களூரில் இருந்தவரோ, கையெழுத்துப் போட்டால் தம் பங்கு போய்விடுமோ என்று அஞ்சினார். எல்லாம் கூடிவருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது. ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பல குடும்பங்கள், உரிமையாளராக இருக்கும் நம் ஊர்களில் இந்த வேலையை விண்ணப்பம் வெளியான பிறகு தொடங்குவதில் பயனில்லை. வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றும் முன்கூட்டியே கோப்பில் இருக்க வேண்டும்.

தனியார் வீட்டைப் பழுதுபார்க்கப் பொதுநிதி எளிதில் கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்கத் தூதரகங்கள் வழியே 2001 முதல் வழங்கப்பட்டுவந்த பண்பாட்டுப் பாதுகாப்பு நிதி, தனியாருக்கு உரிய கட்டடங்களுக்குத் தரப்படாது என்பதை விதியாகவே வைத்திருந்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில், அதாவது உலக மரபுச் சின்னமாக்கப் பின்னர் பரிந்துரைக்கக்கூடிய இடங்களின் பட்டியலில், இடம்பெற்றதைக் காட்டி “இனிப் பணம் வரும்” என்று சொல்வோர் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் எந்த வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட வராது. ஊருணி, கோயில் மண்டபம், பழைய பள்ளிக் கட்டடம் போன்ற பொதுச் சொத்துக்கு நிதி கேட்பதும், சொந்த வீடாயின் ஆவணப்படுத்துதலுக்கோ கைவினைப் பயிற்சிக்கோ கேட்பதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

திட்ட மதிப்பீட்டில் சிமெண்டு என்ற சொல் வந்துவிட்டால் துறை அறிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே நின்றுவிடுவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடக்கூடியது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உப்பு பூத்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். ஒப்பந்தக்காரர் சதுரடிக் கணக்கில் எழுதிக் கொடுக்கும் தாளை அப்படியே இணைப்பதால்தான் பெரும்பாலும் இந்தத் தவறு நேர்கிறது. சுண்ணாம்பை நீர்த்துப் புளிக்கவைக்கும் நாட்களையும், ஐப்பசி கார்த்திகையில் வெளிப்பூச்சு வேலை நடக்காது என்பதையும் கால அட்டவணையில் காட்டாத விண்ணப்பம், வேலை தெரியாதவர் எழுதியது என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிநாட்டு நிதி கேட்கும் அறக்கட்டளைகள், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பணத்தைப் பெற முடியாது. பதிவு கேட்பதற்கே பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டியிருப்பதால், போன மாதம் தொடங்கிய அறக்கட்டளைக்குப் பதிவு பெறும் வழி இல்லை. தனிநபர் கல்வி உதவித்தொகைக்கு இந்தச் சட்டம் தடையாக இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, மரபுப் பாதுகாப்பு என்பது ஒரே படிப்பு என்று நினைத்து விண்ணப்பிப்பதுதான் முதல் பிழை. இலக்னோவில் 1976 முதல் இயங்கும் தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் அரும்பொருள்களைக் காக்கும் அறிவியலைக் கற்பிப்பது. கட்டடம் பழுதுபார்க்கக் கற்க விரும்புபவர் அங்கே போய்ப் பயனில்லை. டெல்லியில் உள்ள திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியின் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பு, கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரியது. மரபுவழிக் கட்டடக்கலையையும் சிற்பத்தையும் தொடக்கத்திலிருந்தே கற்க மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. மரபுச் சின்னங்களைக் காக்க 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்பு குறுகிய காலப் பயிற்சிகளோடு ஆய்வு உதவித்தொகையும் வழங்குகிறது. ரோமில் உள்ள, மரபுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோம் நடத்தும் பயிற்சிகள் பெரும்பாலும் ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கானவை. படிப்பை முடித்த கையோடு விண்ணப்பித்துவிட்டு ஏமாறுவோர் உண்டு.

நம் கொத்தனார்களின் நிலை வேறு. சுண்ணாம்பு பதம் வந்துவிட்டதா என்பதைக் கரண்டியில் அது ஒட்டும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடும் ஒருவரிடம், அந்தத் திறமைக்கான சான்று என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அவரையோ அவர் மகனையோ பயிற்சிக்கு அனுப்ப விரும்புவோர், விண்ணப்பம் வந்த வாரத்தில் ஓடிப்போய் யாரிடமாவது பரிந்துரைக் கடிதம் வாங்குகிறார்கள். அதற்கு மாறாக, இப்போது நடக்கும் வேலையிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். எந்த வீடு, எந்தச் சுவர், சுண்ணாம்பு நீர்த்த தேதி, மணல் எத்தனை பங்கு, சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய் ஊறிய நாட்கள், பூசும் முன்னும் பின்னும் எடுத்த படம், வீட்டுக்காரர் கையெழுத்து ஆகியவற்றை வேலைக்கு ஒரு பக்கம் என்று எழுதி வந்தால், பத்து வேலை முடியும்போது தேர்வுக்குழுவின் முன் வைப்பதற்கு அவர் கையில் பத்துப் பக்கம் இருக்கும்.