ட்ரோன் வாங்க முதல் கடன் கொப்பியைப் பாருங்கள்

கடைச் சாமானை ட்ரோனில் அனுப்பலாம் என்றதும், ட்ரோன் என்ன விலை, எங்கே வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கடையின் கடன் கொப்பியை எடுத்து வையுங்கள்.

என் கடை ஒட்டுசுட்டான் பக்கம். முன்னால் மாங்குளம் - முல்லைத்தீவு வீதி, பின்னால் வயல், அதற்கு அங்கால் காடும் குளமும். குளத்துக்கு அப்பால் இருக்கிற சனம் ஒரு பனடோல் அட்டைக்கும் சைக்கிள் மிதிக்க வேண்டும். பொழுதுபட்டால் யானைக்குப் பயத்தில் வரவே மாட்டார்கள். கலியாண வீடுகளில் ட்ரோன் கமரா பிடிக்கிற என் மருமகன் ஒருநாள், "மாமி, இதாலேயே சாமான் அனுப்பலாமே" என்று தொடங்கினான். அவனும் நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கொப்பியில் என்ன பார்ப்பது? எது அவசரத்துக்கு வாங்கப்பட்டது, அதன் நிறை எவ்வளவு, இந்த இரண்டும் போதும். ஒரு மாதத்துக்குக் குறித்து வாருங்கள். எங்கள் கொப்பியில் அவசரமெல்லாம் சின்னச் சாமான்தான்: 400 கிராம் பால்மா, நுளம்புச் சுருள், நெருப்புப்பெட்டி, ரோச் பற்றரி, அரைக் கிலோ சீனி, பெண்பிள்ளைகளுக்கான பாட். அரிசி மூட்டையை யாரும் ஓடி வந்து கேட்பதில்லை, அது சந்தை நாளில் ஆட்டோவில் போகும். வெளிநாட்டுக் கணக்கும் இதுதான். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் 2019 முதல் 2023 வரை வீடுகளுக்குச் சாமான் கொடுத்த விங் நிறுவனத்தின் ட்ரோன் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடத்தான் தூக்கியது. 2013இல் பெரிதாக அறிவித்த அமேசானின் எல்லை 5 இறாத்தல், அதாவது 2.27 கிலோ. காஸ் சிலிண்டர் பறந்து வருமா என்று கேட்ட அண்ணையை ஆட்டோக்காரரிடமே அனுப்பி வைத்தேன்.

இறக்கும் விதத்தையும் யோசியுங்கள். ருவாண்டாவில் 2016 முதல் ஆஸ்பத்திரிகளுக்கு இரத்தம் கொண்டுபோகும் ஜிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன், பொதியைப் பரசூட்டில் போட்டது. விங் சுமார் 7 மீற்றர் உயரத்தில் நின்று கயிற்றில் இறக்கும். முட்டை விற்கிற எனக்குக் கயிறுதான் பிடிக்கும்.

அடுத்தது அனுமதி. இலங்கையில் 200 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும். கலியாண வீடியோவுக்கு எடுத்த அனுமதி சாமான் விநியோகத்துக்குச் செல்லும் என்று நினைத்து விடாதீர்கள். ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்கலாம் என்பது பொது விதி. பனங்கூடலும் காடும் உள்ள இடத்தில் அந்தத் தூரம் கெதியாய் முடிந்துவிடும். அதனால் கண்ணுக்கு மறைந்து பறப்பதற்கும், பொதியை இறக்குவதற்கும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வன்னியில் இரணைமடு விமானப்படை ஓடுபாதையும் இருக்கிறது, முகாம்களும் இருக்கின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதையே தடை செய்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆகவே கடிதத்தின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்திலும் பொலிஸிலும் இருக்கட்டும்.

இனி இடம். வீட்டுக்கு வீடு இறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். எங்கள் வளவுகளில் தென்னையும் பனையும் வயரும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும்; ஒரு பனை 30 மீற்றர் உயரத்துக்கும் போகும். ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு இடம், சனசமூக நிலைய முற்றமோ பள்ளிக்கூட மைதானமோ, பேசி எடுங்கள். அங்கே சாமானை வாங்கிக் கொடுக்க ஒருவர் நிற்க வேண்டும்.

பாதையை வீதிக்கும் வயலுக்கும் மேலாகவே வையுங்கள், குறுக்குவழி என்று காட்டுக்கு மேலால் விடாதீர்கள். ட்ரோன் விழுந்தால் யாரோ ஒருவர் தேடிப் போவார், அதுவும் அநேகமாக ஒரு பொடியன். மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை போட்ட இடத்தில் விழுந்ததென்றால் அது போனது போனதுதான். பொலிஸுக்கும் மிதிவெடி அகற்றும் ஆட்களுக்கும் சொல்லுங்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் ஊர் போகாத பற்றைக்குள் போகவேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவிடுங்கள், சாமான் போனாலும் பரவாயில்லை என்பதையும் சேர்த்து.

நான் மிகவும் யோசித்தது சத்தத்தைப் பற்றித்தான். கன்பராவில் 2018 பரிசோதனையின்போது இரைச்சல் தாங்கவில்லை என்று சனம் முறையிட்டு, நிறுவனம் சத்தம் குறைந்த ட்ரோன் செய்ய வேண்டி வந்தது. எங்களுக்கு அது வெறும் இரைச்சல் இல்லை. போர்க்காலத்தில் மேலே சுற்றிய வேவு விமானத்தை 'வண்டு' என்போம்; அது இரைந்தால் பின்னால் என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கும் அந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டால் பங்கர் எங்கே என்று பார்க்கிற ஆச்சிமார் உண்டு. ஒலிபெருக்கி அறிவிப்பு போதாது. வீடு வீடாகப் போய், ட்ரோனைக் கையில் கொடுத்துக் காட்டி, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு மட்டும் விடுங்கள். வேண்டாம் என்று ஒரு வீட்டார் சொன்னால் பாதையை மாற்றுங்கள், விவாதிக்காதீர்கள்.

நேரம் காலைதான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேரக் காற்று சின்ன ட்ரோனைத் தள்ளிக்கொண்டு போகும், பற்றரியும் அதற்கே செலவாகும். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்து பாதை மூடும்போதுதான் இது அதிகம் தேவை, ஆனால் அந்த மழையில் சின்ன ட்ரோனை ஏற்ற முடியாது. மழை விடும் இடைவெளி பார்த்துத்தான் விடலாம். ஆகவே மாரிக்கு முன் வீடுகளில் பால்மாவும் மருந்தும் சேமிக்கச் சொல்லுங்கள். பருந்தையும் கவனியுங்கள். 2021இல் கன்பராவின் ஒரு பகுதியில் கூடு கட்டிய அண்டங்காகங்கள் ட்ரோனைத் தாக்க, அங்கே சேவையையே கொஞ்சக் காலம் நிறுத்தினார்கள்.

பற்றரியை வெயிலில் வைக்காதீர்கள், ஊதியதைப் பாவிக்காதீர்கள். அவ்வளவுதான்.

கடைசியில் காசு. திரும்பி வரும் ட்ரோனில் கடன் காசைக் கட்டி விடட்டுமா என்று ஓர் அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். வெறுமையாக வரட்டும், காசைப் போனில் அனுப்பலாம், இல்லாவிட்டால் சந்தைக்கு வரும்போது தரலாம். கொப்பியில் ட்ரோனுக்கென்று ஒரு பக்கம் வேறாக ஒதுக்கி, பறந்த செலவையும் அங்கேயே எழுதுங்கள். ஒரு சவுக்காரத்துக்கு என்ன செலவாகிறது என்று அப்போது தெரியும். சைக்கிளில் ஒரு பொடியனை அனுப்புவதே மலிவு என்று கணக்கு சொன்னால், அந்தப் பாதைக்கு அவனையே அனுப்புங்கள்.