உலகப் போரில் இறந்த உறவினருக்கு அஞ்சலி: குடும்பங்கள் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இறந்த தாத்தாவுக்கு அஞ்சலி செலுத்தச் சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களில் சில, கல்லறை வரிசைகளுக்குள் வெயிலில் தேடித் தேடி ஏமாந்து திரும்புகின்றன. தாத்தாவுக்குக் கட்டாயம் தனிக் கல்லறை இருக்கும் என்று நம்பிப் போவதுதான் முதல் தவறு. உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் நினைவுச் சுவர்களில் இருக்கும்; கிராஞ்சிச் சுவர்களில் மட்டும் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனியாகத் தகன நினைவிடம் உண்டு. இம்பாலில் இன்னும் குழப்பம்: அங்கே இரண்டு கல்லறைத் தோட்டங்கள். இந்திய வீரர்களின் தகன நினைவிடம் இருப்பது இந்திய ராணுவப் போர்க் கல்லறையில்.

ஆகவே டிக்கெட் எடுக்குமுன், இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் அவருடைய பதிவைப் பாருங்கள். எண் (சில இடங்களில் ரோமன் எண்), ஆங்கில எழுத்து, எண் என்று மூன்றும் வரிசையாக இருந்தால் அது கல்லறை: பகுதி, வரிசை, கல்லறை எண். தூண், முகப்பு, பலகை என்று குறித்திருந்தால் சுவரில் தேட வேண்டும்.

தேடும்போது முழுப்பெயரைத் தட்டுவதால்தான் பலருக்குப் பதிவு சிக்குவதில்லை. ஆறுமுகம், முத்துசாமி போன்ற பெயர்களை அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முதல் மூன்று நான்கு எழுத்துகளோடு படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய மெடல் வீட்டில் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். ராணுவ எண் பொறித்திருந்தால் அதைவிட உறுதியான சான்று இல்லை. ஆணையம் கணக்கில் கொள்ளும் காலம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும். 1962, 1971 போர்களில் இறந்தவர்கள் இதில் வரமாட்டார்கள்.

போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைத் தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் தேடுவதும் வீண். அங்கே அடக்கமானவர்கள் போர்க்கைதிகள். கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் கல் வைக்கவில்லை. இந்த அநீதி முன்கூட்டியே தெரியாமல் போனால் பெரியவர்கள் அங்கேயே உடைந்துபோகிறார்கள்.

போன இடத்தில், வாசலருகே சுவரில் பதித்த சிறு பெட்டியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெயர்ப் பதிவேடும் வரைபடமும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

கல்லைச் சுத்தம் செய்ய நினைப்பது பாசத்தில் வரும் தவறு. பிளீச்சிங், ஆசிட், கம்பி பிரஷ் எல்லாம் கல்லை அரித்து எழுத்தை மழுக்கும். நாகாலாந்தின் கோஹிமா, மியான்மரின் தௌக்யான் போன்ற இடங்களில் பெயர் வெண்கலத் தகட்டில் இருக்கும். வீட்டுப் பாத்திரம்போலப் புளி போட்டுத் தேய்த்தால் அதன் மேற்பூச்சு போய்விடும். தண்ணீர் நனைத்த மெல்லிய துணி போதும். விளக்கெண்ணெயும் குங்குமமும் கல்லில் ஊறினால் எளிதில் போகாது; கற்பூரச் சூடு கல்லைக் கருக்கும். கம்பியும் பிளாஸ்டிக்கும் இல்லாத பூமாலையை அடியில் வையுங்கள்.

உச்சிவெயிலில் எடுக்கும் படத்தில் பொறித்த எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். எழுத்தில் சாக்பீஸ் பூச வேண்டாம்.