பால் ஒத்துக்கல என்றால், பாலில் எது?

எங்கள் கிளினிக்குக்குப் புதிதாக வந்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தி, போன வாரம் ஐந்து மாதக் குழந்தையின் அட்டையில் ‘லாக்டோஸ் ஒவ்வாமை’ என்று எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு நோயே கிடையாது. திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 20 வருஷத்துக்கு மேல் குழந்தைகளை எடை போட்டு வருகிறேன். என் கையெழுத்திலும் அப்படிப்பட்ட அட்டைகள் உண்டு. அவளைப் போலப் புதிதாக வரும் தங்கச்சிகளுக்காக, இதில் நாம் சறுக்கும் இடங்களை எழுதி வைக்கிறேன்.

குற்றம் பாதி நம் பேச்சில் இருக்கிறது. வயிறு உப்பினாலும் ‘பால் ஒத்துக்கல’, உதடு வீங்கினாலும் ‘பால் ஒத்துக்கல’. பாலில் சர்க்கரையும் உண்டு, புரதமும் உண்டு. அந்தச் சர்க்கரைதான் லாக்டோஸ். அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற என்சைம் வேண்டும். அது குறைந்தால் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வாயு, வயிற்றுவலி, புளித்த வாடையோடு தண்ணீர்ப் பேதி, சிவந்த பிட்டம். அலர்ஜி, அதாவது ஒவ்வாமை, வேறு சங்கதி. அதில் பாலின் புரதத்தை உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. தோல், மூச்சு, குடல் எல்லாம் அதில் மாட்டும்.

பால்மாவு டின்னை மாற்றினால் போதும் என்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த ஓர் அம்மா. பிள்ளைக்கு நாலு மாசம். விடியக்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். அதனால் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் புட்டிப்பால் ஆரம்பித்திருந்தார். மூணாவது வாரமே வந்துவிட்டார். “பால் ஒத்துக்கல மிஸ்ஸி, ஒரே பேதி.” வரிசையில் இன்னும் முப்பது பேர். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “லாக்டோஸ் இல்லாத டின் வாங்கிக் குடுங்கம்மா” என்று அனுப்பிவிட்டேன். அது வழக்கமான டின்னைவிட விலை கூடுதல். பிடித்தம் போக மிஞ்சிய சம்பளத்தில் அவர் அதையே வாங்கினார்.

6 வாரம் கழித்து எடை போட்டால் 150 கிராம்தான் ஏறியிருந்தது. கன்னம் முழுக்கச் சொரி. அன்றைக்குத்தான் பெம்பர்ஸை அவிழ்க்கச் சொன்னேன். சளி மாதிரி வழவழப்பு, நடுவில் சிவப்பு நூல் போல ரத்தம். “முதல்லேருந்தே இப்படித்தான் மிஸ்ஸி. நீங்க கேக்கல” என்றார்.

லாக்டோஸ் இல்லாத பாலும் பால்தான். சர்க்கரையை மட்டும் உடைத்திருப்பார்கள், அல்லது வேறு சர்க்கரை போட்டிருப்பார்கள். பசும்பால் புரதம் உள்ளேயே இருக்கும். பிள்ளைக்கு ஆகாததையே கூடுதல் காசுக்கு வாங்க வைத்திருக்கிறேன். டாக்டர் பார்த்து, புரதத்தை நன்றாக உடைத்த மாவுக்கு மாற்றிய பிறகுதான் ரத்தம் நின்றது. ‘எச்.ஏ.’ (அலர்ஜி வாய்ப்பு குறைவு) என்று போட்ட டின் இதற்கு உதவாது. அதில் புரதம் அரைகுறையாகத்தான் உடைந்திருக்கும்.

மலத்தில் ரத்தம், தோலில் சொரி, ஏறாத எடை. இதில் ஒன்று இருந்தாலும் டின் பெயர் சொல்லாதீர்கள், தங்கச்சி. டாக்டரிடம் அனுப்புங்கள்.

வயதைக் கேட்காதது

“எங்க பரம்பரைக்கே பால் ஆகாது” என்பார் பாட்டி. பாட்டிக்குச் சரி. வளர்ந்த பிறகு லாக்டேஸ் குறைவது நம்மவர், மலாய்க்காரர், சீனர் எல்லாரிடமும் சகஜம். ஆனால் அது தலைகாட்ட 2, 3 வயதாவது ஆக வேண்டும். 100 மில்லி தாய்ப்பாலிலேயே சுமார் 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தை மிக அபூர்வம். அலர்ஜியோ பெரும்பாலும் முதல் வயதிலேயே வந்துவிடும்.

கடும் பேதிக்குப் பிறகு குடல் சுவர் புண்ணாகி, சில நாளோ சில வாரமோ லாக்டோஸ் செரிக்காமல் போகலாம். அது தானாகவே சரியாகும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கண்ணு பட்டுடுச்சு என்பது

கோயிலில் சோறூட்டு. பாயாசம் முதல் கரண்டி போன சில நிமிஷத்தில் குழந்தையின் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. சுற்றி நின்றவர்கள் விபூதி பூசிக்கொண்டிருந்தார்கள். பூசுங்கள், 999-ஐ அழைத்துக்கொண்டே பூசுங்கள். பால் உள்ளே போய் 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், அடுத்தடுத்து வாந்தி, மூச்சில் விசில் சத்தம், துவண்டு போவது என்று வந்தால் அது லாக்டோஸ் அல்ல. வீட்டில் ‘கொஞ்சமா குடுத்துப் பார்க்கிற’ வேலையும் வேண்டாம்.

ஆட்டுப்பால்

வேண்டாம். பசும்பால் அலர்ஜி உள்ள 10 பிள்ளைகளில் 9 பேருக்கு அதுவும் ஆகாது.

தயிர், மோர்

லாக்டோஸ் தொல்லைக்குத் தாங்கும். அலர்ஜிக்கு அதுவும் பால்தான்.

அம்மா குடிக்கும் தே (டீ)

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கும் அலர்ஜி வரலாம். அம்மா சாப்பிட்ட பால் புரதம் கொஞ்சம் தாய்ப்பாலில் கலக்கும். டாக்டர் சொன்னால் அம்மா 2 முதல் 4 வாரம் பாலை விலக்கிப் பார்க்க வேண்டும். “பாலே தொடல மிஸ்ஸி, தே மட்டும்தான்” என்பார்கள். தேயில் என்ன, டின் பால் (இனிப்புக் கெட்டிப்பால்) தானே! கடைக்காரர் கிரிமர் ஊற்றினாலும் அதேதான். கொழுப்பு நம் செம்பனை எண்ணெய், ஆனால் கூடவே பால் பொருளும் கலந்திருக்கும். ரொட்டி சானாய் மாவிலும் டின் பால் சேர்ப்பவர்கள் உண்டு. பொட்டலத்தில் ‘சூசு’ (மலாயில் பால்), அல்லது பால் புரதங்களான ‘கேசின்’, ‘வே’ என்று இருக்கிறதா பாருங்கள்.

லாக்டோஸுக்குப் பயந்து அம்மா பாலை விடுவது வீண். அம்மா எதைச் சாப்பிட்டாலும் தாய்ப்பாலில் லாக்டோஸ் குறையாது.

“ரத்தம் எடுத்தா தெரிஞ்சிடுமே?”

உடனே வரும் அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்ப்பதும் உதவும். மெதுவாக வரும் வகை, அந்த ரத்தம் கலந்த மலம் போன்றது, அதில் சிக்காது. பாலை விலக்கி, பிறகு டாக்டர் சொல்படி மறுபடி கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் ஆயாவிடம் ஒரு நோட்டு கொடுத்து வைக்கச் சொல்கிறேன். எத்தனை மணிக்கு என்ன பால், எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று எழுத. எழுதத் தெரியாத ஆயா ஒருத்தர் அழுக்குப் பெம்பர்ஸையே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார். அந்த வருஷம் என் மேசைக்கு வந்ததிலேயே தெளிவான குறிப்பு அதுதான்.