நரம்பு வலிக்குச் சத்து மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவில் உள்ளங்கால் எரிவதும், பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றுவதும், விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் மாதக்கணக்கில் நீடிக்கும்போது, பலரும் முதலில் போய் நிற்கும் இடம் மருந்துக்கடைதான். நரம்புக்குச் சத்து மாத்திரை வேண்டும் என்று கேட்டால் மறுபேச்சின்றி ஓர் அட்டை கைக்கு வந்துவிடும். ஆனால், ஒரு சத்து குறைந்ததனால் கெட்ட நரம்பைத்தான் அந்தச் சத்து மீட்கும். சர்க்கரை நோயாலோ, முதுகெலும்பில் தட்டு விலகி அழுத்துவதாலோ, அக்கி வந்து போனதாலோ உண்டான வலியை அது தீர்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

ஆகவே முதல் தவறு, பரிசோதனைக்கு முன்பே மாத்திரையைத் தொடங்குவது. வைட்டமின் பி12 குறைபாடு உண்மையிலேயே நரம்பைக் கெடுக்கும். சைவ உணவு மட்டும் உண்பவர்கள், வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நெஞ்செரிச்சலுக்கான மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் ஆகியோருக்கு இந்தக் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் இவர்களில் சேர்வர். அம்மருந்தால் பி12 குறைவது பரவலான பக்கவிளைவே என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் அறிவித்தது. இத்தகையவரின் கால் எரிச்சலைச் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது எவ்வளவு தவறோ, அளந்து பார்க்காமல் பி12 ஊசி போட்டுக்கொள்வதும் அவ்வளவு தவறு. ஊசி போட்ட பிறகு இரத்தத்தைச் சோதித்தால் அளவு உயர்ந்தே காட்டும். முன்பு குறைபாடு இருந்ததா, அதுதான் வலிக்குக் காரணமா என்பது பிறகு தெரியாமலே போய்விடும். இரத்தத்தில் பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பர். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்ட அளவு வந்தால் மீதைல்மலோனிக் அமிலம் போன்ற இன்னொரு சோதனை தேவைப்படலாம்.

இதையொட்டிய தவறு ஒன்று உண்டு. இரத்தசோகை என்றதும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு, பி12 குறைபாட்டால் வந்த சோகையும்கூட ஓரளவு தெளிந்துவிடும். முகத்தில் களை திரும்பியதை நலத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே தண்டுவடமும் நரம்புகளும் கெட்டுக்கொண்டு போகலாம். குறைபாடு உறுதியான பின் பி12 எடுப்பவர்களும் பத்தே நாளில் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. நரம்பு தேறுவதற்கு மாதங்கள் ஆகும். நெடுநாள் கவனிக்காமல் விட்ட பாதிப்பு முழுமையாக மீளாமலும் போகலாம்.

நீரில் கரையும் வைட்டமின் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கை அடுத்தது. நான் பார்த்தவரையில், படித்தவர்களும் இதைத்தான் அதிக உறுதியோடு சொல்கிறார்கள். பி6, அதாவது பிரிடாக்சின், இதற்கு நேர்மாறான சான்று. காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களுக்கு நரம்பு கெடாமல் இருக்கச் சிறிதளவு பி6 கொடுப்பது முறையான மருத்துவம். அதே பி6 மிகுந்தால் நரம்பையே கெடுக்கும். நாளொன்றுக்கு 2 முதல் 6 கிராம் வரை விழுங்கி, கால் மரத்து நடை தள்ளாடிய ஏழு பேரைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 1983-இலேயே வந்தது. ஒருவருக்கு அன்றாடம் தேவைப்படுவது ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான். நாள்தோறும் எடுக்கத்தக்க உச்ச அளவாக அமெரிக்காவில் 100 மில்லிகிராம் கொள்ளப்பட, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 12 மில்லிகிராமாக நிர்ணயித்தது. நரம்புக்கென்று விற்கப்படும் அட்டைகளில் பி6-இன் அளவு சிலவற்றில் 3 மில்லிகிராம், சிலவற்றில் 100 மில்லிகிராம் என்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. ஒரு மருத்துவர் தந்த நரம்பு மாத்திரை, இன்னொருவர் தந்த பி காம்ப்ளெக்ஸ், வீட்டில் கிடக்கும் பல சத்துகள் சேர்ந்த மாத்திரை என மூன்றையும் சேர்த்து எடுப்பவருக்கு எரிச்சல் கூடினால், சத்து போதவில்லை என்று நான்காவதைத் தேடாமல், மூன்று அட்டைகளிலும் உள்ள பி6-ஐக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சத்து மாத்திரை என்று நினைத்து வாங்குவதில் மருந்தும் கலந்திருக்கலாம். பி12-இன் ஒரு வடிவமான மீதைல்கோபாலமினோடு, நரம்பு வலிக்கான மருந்துகளான பிரகாபலின் அல்லது காபாபென்டின் சேர்ந்த மாத்திரைகள் நம் நாட்டில் ஏராளம். சத்து மட்டும் உள்ளதும், மருந்து கலந்ததும் நோயாளியின் வாயில் நரம்பு மாத்திரைதான். மயக்கமும் தள்ளாட்டமும் வருவதும், வலி தணிந்ததும் சட்டென நிறுத்தித் தூக்கமின்மை, பதற்றம், அரிதாக வலிப்பு வரை அவதிப்படுவதும் இந்தக் குழப்பத்தால்தான். அம்மருந்தை மருத்துவர் சொல்லும் படிகளில் குறைத்தே நிறுத்த வேண்டும். மக்னீசியம் கலந்த அமில முறிப்பான் காபாபென்டினை உடல் ஈர்ப்பதைக் குறைக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மக்னீசியம் உடலில் தேங்கும்.

தாதுக்களில் துத்தநாகம் தனிக் கவனத்துக்குரியது. கொரோனா காலத்தில் தொடங்கிய 50 மில்லிகிராம் மாத்திரையை வழக்கமாக்கிக்கொண்டவர்கள் உண்டு. நெடுநாள் மிகுதியாக எடுத்தால் துத்தநாகம் குடலில் தாமிரம் ஏறுவதைத் தடுக்கும், தாமிரம் குறைந்தால் பி12 குறைபாட்டைப் போலவே கால் மரத்து நடை தடுமாறும். வைட்டமின் டி-யில் வாரம் ஒன்று என எழுதித் தந்த 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாக விழுங்கிச் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறுமாக வருபவர்களை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

எரிச்சல் அடங்கியதும் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று முடிவுகட்டுவதுதான், சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை, எல்லாவற்றிலும் ஆபத்தானது. நரம்பு தேறினாலும் எரிச்சல் அடங்கும். நரம்பு முற்றிலும் செத்துப்போனாலும் அடங்கும். இரண்டாவது நிலையில் செருப்புக்குள் கிடக்கும் கல்லும் காலில் ஏறிய முள்ளும் தெரியாமல் புண்ணாகிவிடும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டில் எது என்பதைக் காட்டிவிடும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.