திரையில் 37, நீரறையில் சொட்டு நீர் இல்லை

வெண்டிலேட்டரில் இருந்த நோயாளிக்குச் சளி திடீரெனப் பசைபோல் கெட்டிப்பட்டது. சளி உறிஞ்சும் குழாய் உரசிக்கொண்டுதான் உள்ளே இறங்கியது. காற்றுப்பாதை அழுத்தமும் ஏறிக்கொண்டே வந்தது. நோயாளிக்குப் போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் ஈரப்பதமூட்டியின் திரையோ சாந்தமாக 37 டிகிரி என்றது. அந்த எண்ணை நம்பி நேரத்தை வீணாக்கினேன்.

வெப்பநிலை வேறு, ஈரப்பதம் வேறு. 37 டிகிரியில் முழுதும் நீராவி ஏறிய காற்று லிட்டருக்குச் சுமார் 44 மில்லிகிராம் நீரைச் சுமக்கும். நீரே இல்லாமல் சூடாக்கினால் அதே 37 டிகிரியில் வறண்ட காற்றுதான் நுரையீரலுக்குப் போகும்.

இடையில் ஒருவர், "செயற்கை மூக்கையும் சேர்த்து மாட்டிவிடலாமா?" என்று கேட்டார். நோயாளி வெளிவிடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து, உள்மூச்சில் திருப்பித் தரும் சிறு சாதனம் அது. கூடவே கூடாது. ஈரப்பதமூட்டியோடு அதை மாட்டினால் நனைந்து அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் குனிந்து பார்த்தேன். ஈரப்பதமூட்டியில் நீர் சூடாகி ஆவியாகும் நீரறையின் அடித்தட்டு காய்ந்து கிடந்தது. அதற்கு நீர் தர மேலே தொங்கிய பாட்டிலில் நீர் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதன் பக்கங்கள் லேசாக உள்வாங்கியிருந்தன. அப்போதுதான் பொறி தட்டியது. விறைப்பான பாட்டிலுக்குள் காற்று நுழைந்தால்தான் நீர் கீழே இறங்கும். பாட்டிலில் குத்தும் முனையின் காற்றுத்துளை மூடியை யாரும் திறக்கவே இல்லை. (மாட்டியது நானாகவும் இருக்கலாம்.)

காய்ந்து சூடேறிய நீரறையை மாற்றிவிட்டு, மூடியைத் திறந்தேன். பாட்டிலுக்குள் குமிழிகள் குடுகுடுவென ஏறின. சிறிது நேரத்தில் நோயாளிப் பக்கக் குழாயில் மெல்லிய பனிப்படலம் தெரிந்தது. மறுநாள் சளி இளகி வந்தது.

இப்போதெல்லாம் பணிக்கு வந்ததும் முதலில் நீர்மட்டத்தைப் பார்க்கிறேன், திரை அப்புறம்தான்.